மாடி ஏறாத வியாபாரம்

சென்னைப் பட்டணத்தில் இன்றைக்கும் இனாமாகக் கிடைக்கிற வஸ்து ஒன்று உண்டென்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். குடிக்கிற தண்ணீருக்கு விலை. வண்டியை நிறுத்துவதற்கு விலை. துணி வாங்கினால் அதைப் போட்டுக் கொடுக்கிற பைக்குக்கூடச் சில கடைகளில் விலை. ஆனால் மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிவிட்டு, உடனே நடையைக் கட்டாமல் சற்று நின்று பாருங்கள். காய்க்கார அம்மாள் உங்கள் முகத்தைப் பார்ப்பாள். நீங்கள் அவள் கூடையைப் பார்ப்பீர்கள். இரண்டு பேரும் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு கொத்துக் கறிவேப்பிலை உங்கள் பைக்குள் வந்து விழும். அதற்குக் கொசுறு என்று பெயர்.

குளிர்சாதனம் செய்த பெரிய கடைகளிலும் கறிவேப்பிலை இருக்கத்தான் இருக்கிறது. கண்ணாடித் தாள் சுற்றி, விலைச்சீட்டு ஒட்டி, நோயாளி மாதிரி படுத்திருக்கிறது. அங்கே போய்க் கொசுறு கேட்கும் தைரியம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள நாலு மாட வீதிகளையும் வருஷம் முழுவதும் சுற்றி வருகிறவருக்குப் பஞ்சாங்கமே தேவையில்லை. களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும் காகிதக் குடையும் வந்துவிட்டால் சதுர்த்தி. வடக்கு மாட வீதியில் செட்டியார் பொம்மையும் தசாவதார வரிசையும் தரையில் இறங்கிவிட்டால் நவராத்திரி. அகல் விளக்குக் குவிந்தால் கார்த்திகை. மஞ்சள் கொத்தும் கரும்புக் கட்டும் சாய்ந்து நின்றால் பொங்கல். பங்குனியில் அறுபத்துமூவர் புறப்பாட்டன்று கேட்கவே வேண்டாம். பலூன்காரனுக்கும் பாத்திரக்காரனுக்கும் நடுவில் நாயன்மார்களே வழி கேட்டுக்கொண்டுதான் வர வேண்டும்.

இதெல்லாம் நேற்று முளைத்த வழக்கமல்ல. காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே, மரநிழலில், நாளங்காடி நடந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. மதுரையில் பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று இரண்டு இருந்ததை மதுரைக் காஞ்சியில் காணலாம். கோவலன் காலத்துச் சங்கதி ஒன்றை மாத்திரம் கவனியுங்கள். அந்த நாளங்காடி ஊரின் இரண்டு பாகங்களுக்கும் மத்தியில் இருந்தது. இந்தப் பாக்கத்து ஜனங்கள் அந்தப் பாக்கத்துக்குப் போகிற வழியிலே இருந்தது. ஏன் இதைச் சொல்லுகிறேன் என்பது பின்னால் தெரியும்.

இப்படியெல்லாம் தெருக்கடையின் புகழ் பாடுகிற நான் யோக்கியனா என்றால், இல்லை. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

போன வருஷம் என் அம்மா விழுந்துவிட்டாள். எங்கள் பேட்டைத் தெருமுனையில் நடைபாதை முழுக்கக் கூடைகள். ஒரு பக்கம் கீரை, ஒரு பக்கம் வாழைப்பழ வண்டி, நடுவில் யாரோ நிறுத்திவிட்டுப் போன மோட்டார் சைக்கிள். எண்பது வயசு மனுஷி என்ன செய்வாள்? ரோட்டில் இறங்கி நடந்தாள். ஆட்டோ ஒன்று உரசிக்கொண்டு போயிற்று. மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவாசிகளில் சிலர் ஒரு மனு தயாரித்துக்கொண்டிருந்தார்கள். "நடைபாதை ஆக்கிரமிப்புகளை உடனே அகற்றும்படி" என்று ஆரம்பிக்கும் மனு. பதினாறு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் பதினேழாவது. கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, பெரிய பொதுக்காரியம் செய்துவிட்ட மாதிரி மார்பு ஒரு அங்குலம் விரிந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குள் வந்தால், கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்கிறாள்: "ஏண்டா, கீரைக்காரி வந்திருந்தாளா? முளைக்கீரை இருந்தால் ஒரு கட்டு வாங்கிண்டு வா."

எந்தக் கூடையைச் சுற்றிக்கொண்டு போய் விழுந்தாளோ, அந்தக் கூடைக்காரியைத்தான் கேட்கிறாள்!

ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் லாரி வந்தது. நான் அப்போது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், கூடைகளும் கோணிகளும் தராசுகளும் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. மோட்டார் சைக்கிள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்கு நம்பர் பலகை இருந்தது, கீரைக்கு இல்லை. பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. நடைபாதை சுத்தமாக, அகலமாக, கல்யாணம் முடிந்த பந்தல் மாதிரி வெறிச்சென்று கிடந்தது.

அன்று சாயங்காலம் என் மனைவி காலிப் பையுடன் திரும்பி வந்தாள். "கீரைக்கார அம்மாளைக் காணவில்லை" என்றாள். மறுநாளும் காணவில்லை. மூன்றாம் நாள் என்னைப் பார்த்து, "நீங்கள் எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா?" என்று கேட்டாள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆனால் ஸ்திரீகளுக்கு இம்மாதிரிக் கேள்விகள் கேட்கத் தெரிந்துவிடுகிறது. நான் பத்திரிகையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

மனச்சாட்சி உறுத்தினால் மனுஷன் இரண்டில் ஒன்று செய்வான். கோயிலுக்குப் போவான், அல்லது சட்டப் புஸ்தகத்தைப் புரட்டுவான். நான் இரண்டாவதைச் செய்தேன். படித்த பிறகு முதலாவதையும் செய்ய வேண்டியதாயிற்று.

டில்லி நடைபாதை வியாபாரிகளின் வழக்கில் 1989-லேயே சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தெருவில் விற்றுப் பிழைப்பதும் அரசியல் சட்டம் கொடுத்திருக்கிற தொழில் உரிமைதான். ஆனால் "இந்தக் கல்தான் என் இடம்" என்று எவரும் பாத்தியதை கொண்டாட முடியாது. ஒழுங்குபடுத்த சர்க்காருக்கு அதிகாரம் உண்டு என்பது அதன் சாராம்சம். அதற்கப்புறம் கால் நூற்றாண்டு கழித்து, 2014-ஆம் வருஷம் மே மாதம் 1-ஆம் தேதி முதல், தெரு வியாபாரிகளுக்கென்றே ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. தொழிலாளர் தினத்தன்று வந்தது பொருத்தந்தான்.

அதிலே எழுதியிருப்பதைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. முதலில் ஊரிலுள்ள தெரு வியாபாரிகள் அத்தனை பேரையும் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து அத்தாட்சி கொடுத்து முடிக்கிற வரையில் ஒருவரையும் கிளப்பக்கூடாது. ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டரை பேர் வரைக்கும் தெருவில் விற்க இடம் ஒதுக்க வேண்டும். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்று யோசனை சொல்ல ஒரு கமிட்டி. அதில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு ஸ்திரீகள். இடம் மாற்றுவதானால் 30 நாள் நோட்டீஸ். சரக்கை எடுத்துக்கொண்டு போனால் ஜாபிதா எழுதி ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அழுகக்கூடிய பண்டமாயிருந்தால் கேட்ட அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றதை இரண்டு வேலை நாளில்.

இன்னொரு ஷரத்துத்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஐம்பது வருஷத்துக்கு மேலாகத் தெரு வியாபாரம் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும். அங்கே இருப்பவர்களை இடம் மாற்றவே கூடாது. தெற்கு மாட வீதிக்கு ஐம்பது வயசு ஆயிற்றா என்று யாருக்காவது சந்தேகமிருந்தால் என் அம்மாவைச் சாட்சிக்கு அழைக்கலாம். கை இப்போது சரியாகிவிட்டது, சத்தியம் செய்வாள்.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு மனுவை எழுதியவரிடம் போனேன். ரிடையரான பெரிய மனிதர், நல்லவர். காப்பி கொடுத்து உட்காரவைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானும் அவர்களைப் பட்டினி போடச் சொல்லவில்லையே, ஸார்! அழகாக மூன்று மாடிக் கட்டடம் ஒன்று கட்டி, ஆளுக்கு ஒரு அறை கொடுத்து ஏற்றிவிட்டால் அவர்களுக்கும் வெயில் இல்லை, நமக்கும் நடக்க இடமாச்சு" என்றார்.

கேட்பதற்குப் பேஷான யோசனை. ஆனால் தியாகராய நகரில் இந்த யோசனை ஏற்கனவே பரீட்சை எழுதிவிட்டது.

தியாகராய நகர் இருக்கிற இடமே ஒரு காலத்தில் ஏரி. 1920-களில் அந்த நீளமான ஏரியைத் தூர்த்துத்தான் நகரை நிர்மாணம் செய்தார்கள். ஜஸ்டிஸ் கட்சித் தலைவர் தியாகராய செட்டியாரின் பெயரை அதற்கு வைத்தார்கள். அந்தக் கட்சியின் முதல் மந்திரியான பனகல் ராஜாவின் பெயரைப் பூங்காவுக்கு வைத்தார்கள். ஏரி போனாலும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' மட்டும் பாக்கி இருக்கிறது. அங்கே நின்று எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் அடுத்த வீட்டுக் கொடியில் காயும் வேஷ்டிதான் தெரியும். பூங்காவிலிருந்து கிழக்கே போகிற தியாகராய ரோடுதான் பாண்டி பஜார். சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது அதன் பெரிய பெயர். 1929-இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மகாநாட்டுக்குத் தலைமை வகித்தாரே, அந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டிய நாடாரின் பெயர்.

வளையல், ரிப்பன், கைக்குட்டை, பிளாஸ்டிக் பக்கெட், குழந்தைச் சட்டை, நெற்றிப் பொட்டு என்று பாண்டி பஜார் பிளாட்பாரத்தில் வாங்காத சென்னைக் குடும்பம் உண்டா? பெரிய கடையில் பட்டுப்புடவை எடுத்துவிட்டு, அதற்கு மேட்சாக வளையலை வாசலில் குந்தியிருப்பவரிடம் வாங்குவதுதான் மரபு. கடைக்குள்ளே ஆயிரக்கணக்கில் மூச்சு விடாமல் கொடுத்த கை, வாசலில் ஐந்து ரூபாய்க்கு அரை மணி பேரம் பேசும். அதுவும் மரபு.

நடக்க இடமில்லை என்ற புகாரும் வழக்கும் அங்கேயும் வெகு காலம் நடந்தன. கடைசியில் 2013-ஆம் வருஷக் கடைசியில், அதே ரோட்டில் ஒரு மாடிக் கட்டடம் எழுப்பி, அறுநூற்றுக்கு மேற்பட்ட பிளாட்பாரக் கடைக்காரர்களை அதற்குள் குடியேற்றினார்கள். கூரை உண்டு; மின்சார விளக்கு உண்டு; மழை பெய்தால் சரக்கைச் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டியதில்லை. என்ன குறை? ஒன்றே ஒன்றுதான். வாங்குகிறவர்கள் மாடிப்படி ஏறவில்லை. கீழே உள்ளவர்களுக்கு ஏதோ கொஞ்சம் விற்றது. மாடிக்குப் போக போக ஈ ஓட்டுகிற உத்தியோகம். தாக்குப்பிடிக்க முடியாதவர்களில் பலர் மறுபடியும் பிளாட்பாரத்துக்கே இறங்கி வந்தார்கள். 2019 நவம்பரில் அந்த ரோட்டில் வண்டிப் பாதையைக் குறுக்கி நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். ஜனங்கள் இப்போது சௌகரியமாக நடக்கிறார்கள். நடக்கிற இடம் கீழே. கட்டடத்தின் படி மேலே.

பக்கத்திலே ரங்கநாதன் தெரு. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓட ஆரம்பித்ததிலிருந்து மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிற கால்கள் அத்தனையும் அந்தத் தெரு வழியாகத்தான் ஊருக்குள் வர வேண்டும். அவ்வளவுதான் அதன் ரகசியம். அந்தத் தெருவுக்கு வேறு அழகு கிடையாது. 2023 மே மாதத்தில் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை போட்டார்கள். அவசரமாகப் போகிறவர்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் மேலே நடக்கிறவர் நடப்பதற்காக நடக்கிறார். பச்சை மிளகாய் வாங்குகிறவர் கீழேதான் போகிறார்.

மெரினா பக்கத்து லூப் ரோட்டில் நொச்சிக்குப்பத்து மீன் கடைகளுக்கும் இதே கண்டம் வந்தது. 2023 ஏப்ரலில் கோர்ட் உத்தரவின் பேரில் அகற்றப்போனபோது, மீனவர்கள் மீனை ரோட்டில் கொட்டிப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் அந்த ரோட்டிலேயே அவர்களுக்காக அங்காடி திறக்கப்பட்டது. படகு வந்து சேருகிற கரையை விட்டு எங்கோ தொலைவில் கட்டாமல் அங்கேயே கட்டினார்களே, அந்த மட்டுக்கும் பாண்டி பஜார் பாடம் யாருக்கோ ஞாபகம் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பெரிய மனிதர் எல்லாவற்றையும் கேட்டார். "உங்கள் அம்மா விழுந்தாளே, ஸார்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் சட்டெனச் சொல்லப் பதில் இல்லை. "மோட்டார் சைக்கிளையும் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கலாம்" என்றேன். அவர் சிரித்தார். அந்த மோட்டார் சைக்கிள் அவருடைய மருமகப்பிள்ளையுடையது என்பது அப்புறந்தான் தெரிந்தது.

பதினோராம் நாள் கீரைக்கார அம்மாள் வந்துவிட்டாள். பழைய இடத்திலிருந்து நாலு அடி தள்ளி, சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடைபாதையில் இரண்டு பேர் தாராளமாகப் போகலாம். யாரும் அளந்து கொடுக்கவில்லை. அவளாகவே அளந்துகொண்ட இடம். முன்பு இரண்டு கூடை, இப்போது ஒன்று. முளைக்கீரையும் சிறுகீரையும் மட்டும் இருந்தன.

"எங்கே போயிட்டே இத்தனை நாளா?" என்று கேட்டேன். தெரியாதவன் மாதிரிதான் கேட்டேன்.

"இன்னா சார் பண்றது? தராசு பூடுச்சி, கூட பூடுச்சி. கீரைய மறுநாளு குட்த்தாங்க. வாடிப்போன கீரைய யாரு சார் வாங்குவா? மாட்டுக்குப் போட்டேன்."

"ஜாபிதா ஒன்றும் கொடுக்கவில்லையா?"

"ஜாபிதான்னா?"

மேற்கொண்டு கேட்டதில் கணக்குத் தெரிந்தது. விடியற்காலம் இரண்டரை மணிக்கு எழுந்து, நாலைந்து பேராக ஆட்டோ வைத்துக்கொண்டு கோயம்பேடு போகிறாள். (1996 வரையில் அவள் மாமியார் இதே வேலையாகக் கொத்தவால் சாவடிக்குப் போனாளாம். சந்தை கோயம்பேட்டுக்கு மாறியதில் தூரம் கூடிற்று, தூக்கம் குறைந்தது.) முதல் போடக் கையில் பணம் இல்லாத நாளில், காலையில் ஆயிரம் என்று பேர் சொல்லித் தொள்ளாயிரம் கொடுப்பார் ஒருவர். ராத்திரிக்குள் முழு ஆயிரம் கொடுத்துவிட வேண்டும். நூற்றுக்குப் பதினொன்று வட்டி. வருஷத்துக்கு அல்ல, ஒரு பகலுக்கு! இதைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. தெரு வியாபாரிகளுக்கு முதல் தவணையாகப் பத்தாயிரம் ரூபாய் பாங்குக் கடன் கொடுக்க மத்திய சர்க்கார் 2020-இல் ஒரு திட்டமும் கொண்டு வந்தது. ஆனால் வியாபாரி என்பதற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். "பக்கத்துல பூ விக்கிறவங்க வாங்கினாங்க சார். நமக்கு இன்னும் அட்டை வரலே" என்றாள். பதினோரு நாள் வியாபாரம் இல்லாததற்கும், புதுத் தராசுக்கும் சேர்த்து அவள் இப்போது எந்த வட்டியில் இருக்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

பெரிய மனிதருடைய யோசனையை அவளிடமே கேட்டுவிடலாமென்று தோன்றிற்று. "மூன்று மாடிக் கட்டடம் கட்டி இடம் கொடுத்தால் போவாயா?"

அவள் கீரைக் கட்டின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே சொன்னாள்: "எங்கிட்ட வாங்கறவங்க யாரும் கீர வாங்கணும்னு வூட்லேர்ந்து கெளம்பி வர்றதில்ல சார். கோயிலுக்குப் போறாங்க, பஸ்ஸுக்குப் போறாங்க. போற வழியில நான் குந்திக்கினு கீறேன். கண்ணுல பட்டா வாங்குவாங்க. மாடில குந்துனா நான் யார் கண்ணுல படுவேன்?"

மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில் நாளங்காடி இருந்ததேன் என்று கேட்டால், புலவர்களைவிட இவள் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுவாள் போலிருக்கிறது.

ஒரு கட்டு முளைக்கீரை இருபது ரூபாய் என்றாள். இரண்டு கட்டு எடுத்துக்கொண்டேன். வழக்கமாக என் மனைவி இந்த இடத்தில் பதினைந்துக்குக் கேட்பாள். நான் பேசாமல் நாற்பதை நீட்டினேன். அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். பேரம் பேசாத கிராக்கியைக் கண்டால் அவர்களுக்குச் சந்தேகம் வரத்தானே செய்யும்?

"பெரியம்மாக்குக் கை சரியாப் பூட்ச்சா சார்?"

"சரியாகிவிட்டது."

"அன்னிக்கு நான்தான் சார் ஓடியாந்து தூக்கனேன். ஆட்டோக்காரன் நிக்காமப் பூட்டான்" என்றாள். பிறகு, "யாரோ எய்திப் போட்டாங்களாம் சார், எங்க மேல. இந்தத் தெருவுலதான் யாரோ" என்றாள்.

"அப்படியா?" என்றேன்.

பையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா கூடத்தில் உட்கார்ந்து கீரையைப் பிரித்தாள். கறிவேப்பிலை வழக்கத்தைவிட ஒரு கொத்து அதிகமாக இருந்தது.